மாரத்தான் பயிற்சியில் எங்கே இடறுகிறது? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பவர்களில் பலர் ஆகஸ்ட் வாக்கில் பயிற்சியைத் தொடங்குவார்கள். தீபாவளிக்குள் ஆளுக்கொரு புகார் வந்துவிடும். ஒருவருக்கு முழங்கால், இன்னொருவருக்குக் குதிகால், வேறொருவருக்கு என்ன செய்தாலும் வேகம் கூடவில்லை. உடனே புது ஷூ, தைலம், மெடிக்கல் ஷாப் மாத்திரை என்று போகிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கடந்த மூன்று வாரம் எப்படி ஓடினீர்கள் என்று பார்ப்பது. நெடுந்தூர ஓட்டத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அந்த மூன்று வாரத்துக்குள்தான் இருக்கும்.

அதற்கு ஒரு நோட்டு வேண்டும். போனில் இருக்கும் ஆப் தூரத்தையும் வேகத்தையும் குறித்துக்கொள்ளும், போதாது. இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பு எவ்வளவு, ஓடும்போது பேச முடிந்ததா, புழுக்கம் எப்படி இருந்தது, எங்கே லேசாக வலித்தது: இவற்றை ஓட்டம் முடிந்ததும் இரண்டு வரியில் எழுதுங்கள். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் இந்த நோட்டைத் திருப்பிப் பார்க்கச் சொல்லப்போகிறேன்.

முதலில், யோசிக்காமல் நிறுத்த வேண்டியவை

நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டி மயக்கம், தாறுமாறான படபடப்பு: நின்றுவிடுங்கள், 108-ஐ அழையுங்கள். வலி தானாகப் போய்விட்டாலும் இதய டாக்டரைப் பார்க்காமல் மறுபடி ஓட வேண்டாம்.

கூட ஓடுபவர் வெயிலில் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், காரணமில்லாமல் எரிந்து விழுகிறார் என்றால் அது வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் காய்ந்து போயிருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஓடுபவர்களுக்கு வரும் வெப்பத்தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். உள்ளுடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும், மற்றவர்கள் அது வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், பனியனைக் கழற்றி, தொட்டியோ டிரம்மோ இருந்தால் ஐஸ் தண்ணீரில் தலை மட்டும் வெளியே இருக்கும்படி உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உடம்பு முழுக்க விடாமல் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் கிடைத்தால் வையுங்கள்.

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கடுமையான தசை வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம்.

"மெதுவாகத்தான் ஓடுகிறேன், ஆனாலும் மூச்சு வாங்குகிறது, வேகமும் கூடவில்லை"

நான் அதிகம் கேட்கும் புகார் இது. காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் வாட்ச். மணிக்கட்டில் பச்சை வெளிச்சத்தை வைத்து நாடியைப் படிக்கும் வாட்ச், சில நேரம் நாடியை விட்டுவிட்டு உங்கள் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணமாகப் பேசிக்கொண்டு ஓடும்போதே 170, 175 என்று அசையாமல் காட்டினால் சந்தேகம் வாட்ச் மேல்தான். நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு மேலே தள்ளி இறுக்கிக் கட்டுங்கள். மார்புப் பட்டை இதைவிட நம்பகமானது.

அடுத்தது புழுக்கம். சென்னையில் விடிகாலை 5 மணிக்குக் காற்று குளுகுளுவென்று தோன்றினாலும் ஈரப்பதம் பல நாட்களில் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே போகிறது. தசைக்கு அனுப்பும் ரத்தத்தோடு தோலுக்கும் கூடுதலாக அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் அதே வேகத்துக்கு அதிகம் துடிக்கிறது. பெங்களூருக்குப் போன வாரம் நன்றாக ஓடினேன், இங்கே வந்ததும் முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் அவர் உடம்பில் குறையில்லை. வெப்பத்துக்கு உடம்பு பழக சுமார் 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடுதலாக ஆனாலும் கவலைப்படாதீர்கள்.

இந்த இரண்டும் இல்லையென்றால், நோட்டை எடுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் மாதக்கணக்கில் ஒரே வேகத்தில் நின்றுபோயிருந்தார். அவர் நோட்டில் ஒரு வாரம் இப்படி இருந்தது: செவ்வாய் 8 கி.மீ., கிலோமீட்டருக்கு 6:10 (6 நிமிடம் 10 விநாடி). வியாழன் 8 கி.மீ., 6:05. சனி 6 கி.மீ., 6:00. ஞாயிறு 18 கி.மீ., 6:15. அடுத்த வாரமும் அதற்கு அடுத்த வாரமும் கிட்டத்தட்ட இதே எண்கள். சனிக்கிழமை அவருக்கு வேக ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை மெதுவான ஓட்டம். இரண்டுக்கும் நடுவே 15 விநாடிதான் இடைவெளி. அதாவது எல்லா நாளும் நடுத்தரமாகக் கஷ்டப்பட்டிருக்கிறார். மெதுவான நாளில் உடம்பு தேறவில்லை. தேறாத உடம்போடு வந்ததால் வேகமான நாளில் உண்மையான வேகமும் வரவில்லை.

அவர் செய்த மாற்றம் இதுதான்: செவ்வாய், சனி, ஞாயிறு மூன்றும் 7:15 பக்கம் இறங்கின. வியாழன் மட்டும் 800 மீட்டரை 5:15 வேகத்தில் ஐந்து முறை, நடுவில் மூன்று நிமிடம் மெதுநடை. முதல் மூன்று வாரம் 7:15-இல் ஓடுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. பின்னால் வருபவர்கள் எல்லாம் தாண்டிப் போகிறார்கள் என்றார். அதைத் தாங்கிக்கொண்டதுதான் அவர் செய்த கடினமான பயிற்சி என்று நான் நினைக்கிறேன். இரண்டு மாதம் கழித்து முன்பு 6:10-க்கு ஏறிய அதே நாடித்துடிப்பில் 5:50 ஓடினார்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தன் ஓட்டக்காரர்களை வாரத்துக்கு 160 கி.மீ. வரை ஓடவைத்து அடித்தளம் போட்டார். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லும் ஆக்லாந்து மலைச்சாலைகளில் 35 கி.மீ. ஓட வேண்டியிருந்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். பின்னாளில் நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், படகு, பனிச்சறுக்கு, ஓட்டம் என்று பல துறை முன்னணி வீரர்களின் பயிற்சியைப் பார்த்தபோது, அவர்களின் பயிற்சி அமர்வுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் எளிதான வேகத்தில் இருந்தது.

நாம் வாரத்துக்கு 40 கி.மீ. ஓடுபவர்கள், அந்தத் தூரத்தை நகலெடுக்க வேண்டாம். அந்தப் பங்கீட்டை எடுத்துக்கொள்ளலாம். எளிதான வேகம் எது என்று தெரிய 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கை நம்பாதீர்கள், ஆளுக்கு ஆள் அது 10, 12 துடிப்பு வரை தவறும். ஓடும்போது வீட்டிலிருந்து போன் வந்தால் எடுத்துப் பேசுங்கள். நீங்கள் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எதிர்முனைக்குத் தெரியாவிட்டால் அதுதான் உங்கள் ஈஸி ரன்.

இத்தனையும் சரியாக இருந்தும் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதா? ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச்சத்துச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். பெண்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் இது அதிகம். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் பேசுங்கள். தானாக இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், உடம்பில் இரும்பு கூடினாலும் கெடுதல். சாப்பாட்டோடு காபி, டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, கீரைக்கும் பயறுக்கும் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்வதை இன்றே தொடங்கலாம்.

"28, 30 கிலோமீட்டர் வரை நன்றாக இருக்கிறது, அப்புறம் கால் நகர மாட்டேன் என்கிறது"

மூன்று வேறு தொல்லைகள் ஒரே மாதிரி தெரியும் இடம் இது. பிரித்துப் பார்க்க வேண்டும்.

தலை கிறுகிறுத்து, யாரோடும் பேசப் பிடிக்காமல், கணக்குப் போடக்கூட முடியாமல் போனால் அது சர்க்கரைத் தட்டுப்பாடு. தட்டையான சாலையில் ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடத் தோராயமாக அவர் எடைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு கலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவருக்கு மாரத்தான் தூரமான 42.195 கி.மீ. ஓட சுமார் 2,700 கலோரி. தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரிக்குத்தான் வரும். கொழுப்பும் எரியும் என்றாலும், வேகம் கூடக் கூட மாவுச்சத்தின் பங்கு ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் முதல் 10 கி.மீ.யைக் கூட்டத்தோடு சேர்ந்து வேகமாக ஓடியவர்களுக்கு 30-இல் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், அதுவும் பசிக்கும் முன்பே, முதல் அரை மணி நேரத்திலிருந்தே. நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது, ஓடும்போது பிழிந்து சாப்பிடும் சர்க்கரை ஜெல் பாக்கெட்டிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கடலை மிட்டாயைப் பலர் கொண்டுவருகிறார்கள். கடலையில் கொழுப்பு அதிகம் என்பதால் வயிற்றில் தங்கும், ஓடி முடித்த பிறகு சாப்பிட அருமையான பண்டம். போட்டியன்று எதைச் சாப்பிடப்போகிறீர்களோ அதையே ஞாயிறு லாங் ரன்னிலும் (வாரத்தின் நீளமான ஓட்டம்) சாப்பிட்டுப் பழகுங்கள். வயிறும் பயிற்சிக்குப் பழகும்.

மனம் தெளிவாக இருந்து, மூச்சும் சீராக இருந்து, தொடையின் முன்பக்கம் மட்டும் அடித்துப்போட்டது போல இருந்தால் சர்க்கரை காரணமில்லை. அத்தனை ஆயிரம் காலடிகளைத் தாங்கும் அளவுக்குத் தசை இன்னும் பழகவில்லை. ஜெல்லை அடுக்கினாலும் இது தீராது. லாங் ரன் எத்தனை வாரம் தொடர்ந்து நடந்தது என்று நோட்டில் பாருங்கள். இரண்டு வாரம் விட்டுவிட்டு மூன்றாவது வாரம் ஒரேயடியாக 30 ஓடியிருப்பீர்கள். வாரம் இரண்டு நாள் ஸ்குவாட் (தோப்புக்கரணம் போல உட்கார்ந்து எழுவது), லஞ்ச் (ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கி இறங்கி எழுவது) பயிற்சிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணா சாலை மேம்பாலமோ அடையாறு பாலமோ பக்கத்தில் இருந்தால், ஏறி இறங்குவதில் இறங்கும் பகுதிதான் தொடையைப் பலப்படுத்தும்.

நாடித்துடிப்பு விடாமல் ஏறி, தோல் கொதித்து, நின்றதும் தலை சுற்றினால் வெப்பமும் நீரிழப்பும். வேகத்தைக் குறைத்து, நடந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதைத் தவிர அன்றைக்கு வேறு வழியில்லை.

"நிறையத் தண்ணீர் குடித்தேன், ஆனாலும் தலைவலி, குமட்டல், விரல் மோதிரம் இறுக்குகிறது"

நீரிழப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்துவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, மூன்று பேருக்கு உயிருக்கு ஆபத்தான அளவில். ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கே இது அதிகம். நான்கைந்து மணி நேரம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

கண்டுபிடிக்க எளிய வழி எடை பார்க்கும் மெஷின். லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் ஈர உடையைக் களைந்துவிட்டு எடை பாருங்கள். ஒன்றிரண்டு சதவீதம் குறைந்திருந்தால் சரி. கூடியிருந்தால் அடுத்த முறை குறைவாகக் குடியுங்கள், தாகத்தை நம்புங்கள். மூன்று சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான், உப்பு வெளியேறியதை அது ஈடுகட்டாது. உப்புப் போட்ட மோரோ, பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்த ஓஆர்எஸ்ஸோ மேல். ஆனால் உப்புச் சேர்த்ததாலேயே அளவில்லாமல் குடிக்கலாம் என்று ஆகிவிடாது. குழப்பமோ வலிப்போ வந்தால் உடனே ஆஸ்பத்திரி, போகும்போது "நிறையத் தண்ணீர் குடித்தார்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

வலிகள்: எங்கே, எப்போது?

எந்த வலிக்கும் முதல் கேள்வி, கடந்த 30 நாளில் ஓடிய மிக நீளமான ஓட்டத்தைவிட ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் தாவினீர்களா என்பது. வாரக் கணக்கு அழகாக இருந்தும் ஒரு ஞாயிறு மட்டும் 14-இலிருந்து 21-க்குத் தாவியிருப்பது நோட்டில் அடிக்கடி கண்ணில் படும்.

முழங்காலின் வெளிப்பக்கம், சொல்லிவைத்தாற்போல ஐந்தாவதோ ஆறாவதோ கிலோமீட்டரில் குத்த ஆரம்பித்து, இறக்கத்தில் கூடினால் அது தொடையின் வெளிப்பக்கத்துப் பட்டை. நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தில் சரிந்திருக்கும். ஈசிஆரில் தினமும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழுகிறது. மைதானத்துக்கோ சமதளமான பாதைக்கோ மாறுங்கள். ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள், பலவீனம் பெரும்பாலும் இடுப்பில் இருக்கும்.

முழங்கால் சில்லைச் சுற்றி, படி இறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் வலித்தால், அடியை நீட்டிப் போடுகிறீர்களா பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணி, அதைவிட 5 முதல் 10 சதவீதம் கூட்டிச் சின்னச் சின்ன அடிகளாக வைத்தால் முழங்கால் மேல் விழும் சுமை குறையும்.

முன்கால் எலும்பு வலியில் மட்டும் அவசரப்படாமல் நிதானமாகப் பாருங்கள். எலும்பின் உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடி உடம்பு சூடானதும் தணிந்தால் தூரத்தைப் பாதியாக்கி இரண்டு மூன்று வாரம் பார்க்கலாம். ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு புள்ளியில் வலி, ஓட ஓடக் கூடுகிறது, இரவில் படுக்கும்போதும் குடைகிறது, ஒற்றைக் காலில் குதித்தால் சுருக்கென்கிறது என்றால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பதால் "எக்ஸ்ரே நார்மல்" என்ற பேச்சோடு திரும்பி ஓடப் போகாதீர்கள், எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலுக்கடியில் குத்தினால் உள்ளங்கால் நார். குதிகாலுக்குப் பின்னால் மேலே, தடித்த நரம்பு போல இருக்கும் தசைநாண் இறுகி வலித்தால் அக்கிலிஸ். மெரினா மணலில் திடீரென்று ஓட ஆரம்பித்தவர்களுக்கு இது அதிகம் வருகிறது. மென்மையான மணலில் குதிகால் புதைந்து அந்தத் தசைநாண் கூடுதலாக இழுபடும். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியை 15 முறை வீதம் மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம் செய்யுங்கள். லேசாக வலித்தாலும் செய்யலாம். மூன்றாவது வாரத்திலேயே பலன் இல்லை என்று விடுபவர்கள்தான் வருடக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

எந்த வலியானாலும் மாத்திரை போட்டுக்கொண்டு நீண்ட ஓட்டம் ஓட வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை நீரிழந்த உடம்பில் சிறுநீரகத்தைச் சேதப்படுத்தும்.

"தூக்கம் வரவில்லை, எல்லோர் மேலும் கோபம், ஓடவே பிடிக்கவில்லை"

காலை நாடித்துடிப்பு உங்கள் வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இரண்டு மூன்று நாள் நீடிக்கிறதா? தேறாமல் ஓடுகிறீர்கள். ஒரு வாரம் தூரத்தைப் பாதியாக்கி, வேகப் பயிற்சியை முற்றிலும் விடுங்கள். ஆபீஸ் நெருக்கடியும் குழந்தைக்குக் காய்ச்சலும் அதே உடம்பின் கணக்கில்தான் எழுதப்படுகின்றன.

பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனாலோ தள்ளிப்போனாலோ அதை "நன்றாகப் பயிற்சி செய்கிறேன்" என்பதற்கு அடையாளமாக யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடவில்லை என்று உடம்பு சொல்கிறது. எலும்பு வலுவிழந்து விரிசல் விடும் வழி இது. மகப்பேறு மருத்துவரையும், முடிந்தால் விளையாட்டு மருத்துவம் தெரிந்தவரையும் பாருங்கள், சாப்பாட்டைக் கூட்டுங்கள். ஆண்களுக்கும் இதே பட்டினி நிலை வரும், வெளியே தெரிவதற்குத்தான் தாமதமாகும்.

"காய்ச்சல் விட்டு மூன்று நாள் ஆகிறது, ஓடலாமா?"

வடகிழக்குப் பருவமழைக் காலமும் பயிற்சி உச்சமும் ஒன்றாக வருவதால் இந்தக் கேள்வி வருடா வருடம் வரும். மூக்கொழுகல் மட்டும் என்றால் மெதுவாக ஓடலாம். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச் சளி இருந்தால் கூடாது. வைரஸ் காய்ச்சலில் இதயத் தசை வீங்கியிருக்க வாய்ப்புண்டு, அந்த நிலையில் ஓடுவது உயிருக்கே ஆபத்து. காலை நாடித்துடிப்பு பழைய அளவுக்குத் திரும்பும் வரை நடை மட்டும். டெங்கு என்றால் டாக்டர் சொன்ன பிறகுதான். சிக்குன்குனியாவின் மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிக்கும், அதை ஓட்டத்தால் வந்த வலி என்று நினைத்து ஷூ மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

"போட்டிக்கு இன்னும் ஒரு வாரம், திடீரென்று எங்கெங்கோ வலிக்கிறது"

கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைக்கும்போது இப்படித் தோன்றுவது சகஜம். இடம் மாறி மாறி வந்தால், ஓடும்போது மறைந்தால், கண்டுகொள்ள வேண்டாம். விட்டுப்போன லாங் ரன்னை இப்போது ஓடி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அதன் பலன் போட்டிக்குள் வந்து சேராது, களைப்பு மட்டும் கூட வரும். வலி ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் போட்டிக்கு மூன்று நாள் முன்பு 20 நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள், கூட ஒருவரைப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். நொண்டாமல் ஓட முடிந்தால் தொடக்கக் கோட்டுக்குப் போகலாம். நடை மாறுகிறது என்று அவர் சொன்னால் இந்த வருடம் போட்டியை விட்டுவிடுங்கள்.